பிரீமியம் யார் முறை

எங்கள் வீட்டில் வாய்விட்டுக் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "இந்த வருஷம் யார் முறை?" என்பதுதான் அது. கேட்டுவிட்டால், முறைக்காரர் மறந்துவிட்டார் என்றோ, மறந்தமாதிரி இருக்கிறார் என்றோ சொன்னதாக ஆகிவிடும். அவரவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தவர் செய்துவிட வேண்டும். 2018 ஆனி மாதம் இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் இருந்ததால்தான் அம்மாவின் மருத்துவக் காப்பீடு கைவிட்டுப் போகப் பார்த்தது.

முறை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்க் கோயிலில் வைகாசித் திருவிழாவின் ஆறாம் நாள் எங்கள் குடும்பத்து மண்டகப்படி. அன்றைக்கு அலங்காரம், விளக்கு, மேளம், சுண்டல் எல்லாம் எங்கள் பொறுப்பு. அப்பா இருந்தவரை அவர் செய்தார். அவருக்குப் பிறகு ஒற்றைப்படை வருஷம் அண்ணன், இரட்டைப்படை வருஷம் தம்பி என்று ஆயிற்று. யாருடைய முறையோ அவருக்கு அன்று தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். நான் இருவருக்கும் நடுவில் பிறந்தவள். பெண்ணுக்கு முறை கிடையாது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. சுண்டல் எல்லா வருஷமும் என் பங்குக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

அப்பா 2008 கார்த்திகையில் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்தச் செலவுக்கு இரண்டு மா நிலம் போயிற்று. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. மீதி ஐந்து மா இருந்தது, குத்தகைக்கு விட்டிருந்தோம். பத்திர அலுவலகத்திலிருந்து திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் அம்மா அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா மிச்சத்தைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் காரில் இருந்தோம். மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது போதும் என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த ஆனியில் தம்பி குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தான். அவனுடைய கம்பெனியில் எல்லோருக்கும் காப்பீட்டு அட்டை உண்டு. அட்டை இல்லாமல் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது அவனுக்கு அதிசயமாக இருந்தது. நாங்கள் வளர்ந்த காலத்தில் ஆயுள் காப்பீடு தெரியும், உடம்புக்குக் காப்பீடு என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. தனியார் கம்பெனிகள் வந்த பிறகுதான் தஞ்சாவூர்ச் சுவர்களில் அந்த விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அறுபத்தேழு வயது அம்மாவுக்குக் கொடுக்கக்கூடிய பாலிசி ஒன்றைத் தம்பியின் சிநேகிதர் ஒருவர் தேடிப் பிடித்தார். அவரும் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். கீழ்வேளூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விமான டிக்கெட்டும் இன்சூரன்சும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். எனக்கு இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பணத்தை யார் கட்டுவது என்று பாய் கேட்டபோது அண்ணன் உடனே, "முதல் முறை நான் கட்டுறேன்" என்றார். முறை வைத்துக் கட்டுவோம் என்று யாரும் அதற்குமுன் பேசியிருக்கவில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் தானாக வந்தது. 2009, ஒற்றைப்படை வருஷம். அவ்வளவுதான், அம்மாவின் பிரீமியமும் ஒரு மண்டகப்படி ஆகிவிட்டது. அண்ணன் ரசீதைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தார். அவள் அதைச் சாமி படத்தடியில் வைத்து, ஓரத்தில் குங்குமம் இட்டு, கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தாள். அடுத்த வருஷம் தம்பி அனுப்பிய பணத்தைக் கட்டி, ரசீதைப் பாயே ஊருக்கு எடுத்துப் போனார். அவருக்கும் சுண்டல். பிறகு ஒவ்வொரு ஆனியிலும் அப்படியே.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற வழக்கம் அங்கே வந்ததா, இந்த வழக்கம் இருந்ததால்தான் அங்கே போனேனா என்று சொல்லத் தெரியவில்லை. என் டைரிகளில் ஒவ்வொரு ஆனி மாதமும் ஒரு வரி இருக்கும்: ரசீது வந்தது, யார் கொண்டுவந்தார்கள், மழை உண்டா. தொகையையும் குறித்து வந்தேன். அதனால்தான் எனக்குப் படிக்கட்டு கண்ணில் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பிறகு ஒரு வருஷம் சட்டென்று உயரும்.

ஏன் என்று பாயின் கடையில் உட்கார்ந்து கேட்டேன். அவர் டிக்கெட் போடுகிற கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். வயதை ஐந்தைந்து வருஷக் கட்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போகும்போது உயரும். அது போக, எல்லாருடைய ஆஸ்பத்திரிச் செலவும் ஏறினால் எல்லாருடைய பிரீமியமும் ஏறும். அதற்குமேல் வரி. "அம்மா ஒரு நாளும் ஆஸ்பத்திரியில படுக்கலையே, அவங்களுக்கு ஏன் ஏறணும்?" என்றேன். "படுக்கலைங்கறதுக்குக் காப்பீட்டுத் தொகையில கொஞ்சம் சேர்த்துக் குடுக்கறாங்க அக்கா. ஆனா வயசு ஏறிக்கிட்டேதான இருக்கு" என்றார். உழைக்காமல் ஏறுகிற ஒரே விஷயம் வயதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதற்கும் ஒருவர் விலைப் பட்டியல் போட்டிருக்கிறார் என்பது விசித்திரமாக இருந்தது.

2016இல் தம்பியின் முறை. அடுத்த வருஷம் விலை ஏறப் போகிறது, இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பழைய விலையிலேயே முடியும், தள்ளுபடியும் உண்டு என்று பாய் சொல்ல, தம்பி இரண்டு வருஷத்துக்கும் கட்டிவிட்டான். நல்ல யோசனை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். 2017இல் யாரும் எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. அம்மா மட்டும், "இந்த வருஷம் சுண்டல் இல்லையா" என்று கேட்டாள்.

2018 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை, ஆனி பத்தாம் தேதி. அன்றோடு பாலிசி முடிந்தது. எனக்கு அது தெரியும். ஆனால் முறை என்னுடையது அல்ல, கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

ஜூலை இரண்டாம் வாரம் பாய் போன் செய்தார். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டுச் சுண்டல் சாப்பிட்டவர், அவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். பணம் கட்டவில்லை. முப்பது நாள் அவகாசம், ஜூலை 24 வரை. அதற்குப் பிறகு இந்தப் பாலிசி செத்துவிடும். புதிதாக எடுக்கலாமென்றால் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களை அந்தக் கம்பெனி சேர்ப்பதில்லை. வேறு கம்பெனிக்கு மாற்றுவதாக இருந்தால் முடிவதற்கு நாற்பத்தைந்து நாள் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு எழுபத்தாறு. இந்த வருஷம்தான் அடுத்த படிக்கட்டு. தொகை முன்பு இருந்ததைப்போல ஒன்றே முக்கால் மடங்கு.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் வரிசைப்படிதான் சொல்வார். 2018 இரட்டைப்படை, தம்பி முறை என்றார். அவன் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினானே என்றேன். அதற்கு அவர் கோயிலை இழுத்தார். 2013இல் திருப்பணி நடந்ததால் திருவிழா இல்லை. அந்த வருஷம் அவருடைய முறை. அடுத்த வருஷம் அவர் பரிவட்டம் கேட்டாரா? கேட்கவில்லை. வருஷத்தோடு முறையும் போயிற்று என்று தம்பிக்கு விட்டார். 2017இலும் அப்படித்தான். அவருடைய முறை வந்தது, கட்டவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை, முறை போய்விட்டது. "அன்னைக்கு எனக்கு நஷ்டம்னு நான் பேசலை. இன்னைக்கு மட்டும் மாத்திப் பேசுனா நல்லாருக்குமா?" என்றார். அவர் சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது, அதுதான் சங்கடம்.

தம்பி வேறு மாதிரி சொன்னான். அவன் இரண்டு முறை கட்டியிருக்கிறான், அதில் ஒன்று அண்ணனுக்காக. அதனால் 2018 அண்ணனுடையது. கோயில் விஷயம் வேறு, அங்கே எல்லோரும் முறை வேண்டும் என்று நிற்பார்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கவனிச்சியா? வருஷா வருஷம் ஏறுது. அண்ணன் எப்பவும் ஒரு படி கீழ நின்னு கட்டுறாரு, நான் எப்பவும் ஒரு படி மேல. தண்ணி மொதல்ல அவருக்கு, கடைசியில எனக்கு. கடைமடைக்காரன் பொழப்பு" என்றான். அதை நான் ஒன்பது வருஷம் எழுதி வைத்தும் கவனித்திருக்கவில்லை. முறை என்பது செலவு மாறாத காரியங்களுக்காக ஏற்பட்டது. ஆண்டுக்காண்டு ஏறுகிற ஒன்றுக்கு அதை வைத்தால் பின்னால் நிற்பவன்தான் எப்போதும் தூக்குவான்.

இருவரிடமும் கட்டச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வாரம் எனக்குள் வேறொரு ஆர்வம் கிளம்பிவிட்டது. நடக்காமல் போன முறை காத்திருக்குமா, போய்விடுமா? இதற்கு இந்த ஊரில் எங்காவது ஒரு விதி இருந்தாக வேண்டும். விதி தெரிந்தால் சண்டை இல்லாமல் முடியும் என்றும் நினைத்தேன்.

முதலில் எங்கள் ஊர்க் கோயில் மணியக்காரரைப் போய்ப் பார்த்தேன். கோயில் வரவுசெலவுக்கும் மண்டகப்படிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. 2013இல் நின்றுபோன மண்டகப்படிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஆறாம் நாளுக்கு முறை போயிற்று என்றார். எட்டாம் நாள்காரர்கள் மட்டும் காத்திருக்கும் என்று வைத்துக்கொண்டார்களாம். ஒரே கோயிலில் எப்படி இரண்டு விதி என்றேன். "விதின்னு ஒண்ணும் இல்லம்மா. எந்தப் பங்காளி சத்தமாப் பேசுனாரோ, அது" என்றார்.

எங்கள் ஐந்து மாவைக் குத்தகைக்குப் பார்க்கிற பெண் வாய்க்கால் கரையில் நின்றிருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் அந்த நிலத்திலேயே கூலிக்கு நட்டவர்கள். இப்போது அவளுக்குச் சொந்தமாக மூன்று மா உண்டு, மகள் தஞ்சாவூரில் நர்ஸ். ஆளுக்கு ஒரு நாள் என்று வாய்க்காலில் விடுகிற முறைத் தண்ணீரில் எப்படி என்று அவளிடம் கேட்டேன். உன் நாளில் மழை பெய்தால் முறை போய்விடும், உன் வயலும்தான் நனைந்திருக்குமே என்றாள். ஆனால் உன் நாளில் மதகு பழுதாகித் தண்ணீரே வராவிட்டால், சரியானதும் முதல் தண்ணீர் உனக்குத்தான். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. 2017 எதில் சேரும்? அண்ணனுக்கு அது மழை. தம்பிக்கு அது பழுதான மதகு. "எதுக்கு இவ்வளவு யோசனை? வாய்க்கால்லயே தண்ணி இல்ல" என்று அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வருஷம் ஆனி முடியப் போகிற சமயத்திலும் காவிரியில் மணல்தான் கிடந்தது.

மூன்றாவதாகப் பாயிடம் கேட்டேன். கேட்கப் போனது பாலிசி பற்றி. பேச்சு அவர்கள் கடைக்குப் போயிற்று. கீழ்வேளூர்க் கடையை அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மாதம் என்று பார்த்திருக்கிறார்கள். வியாபாரம் அந்த மாதத்துக்காரருக்கு. இவர் சவுதிக்குப் போனபோது இவருடைய மாதத்தை என்ன செய்தீர்கள் என்றேன்.

"லாத்தாவுக்குக் குடுத்துட்டுப் போனேன். எங்க அக்காவுக்கு."

"அவங்க கல்லாவுல உக்காந்தாங்களா?"

"உக்காந்தாங்க. ரெண்டு அண்ணனுங்களுக்கும் மொதல்ல மூஞ்சி சரியில்ல. நாலு மாசம் கழிச்சுப் பாத்தா, லாத்தா மாசத்துலதான் அரிசி சீக்கிரம் தீந்துச்சு. முறைங்கறது கை மாறும் அக்கா. யாருமே எடுக்கலைன்னாத்தான் கெட்டுப் போகும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்த வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முறை காத்திருக்குமா, போய்விடுமா என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்திருந்தேன். ஒன்பது வருஷமாகத் தேதி எழுதி வந்தவளுக்கு, எழுதுகிற கைக்கும் ஒரு முறை வரலாம் என்று தோன்றவே இல்லை.

ஜூலை 20, ஆடி முதல் வெள்ளி. நானும் அண்ணனும் ஊருக்குப் போனோம். மேட்டூரில் முந்தின நாள் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அம்மா விளக்குப் போட்டுப் பாயசம் செய்திருந்தாள். சாமி படத்தடியில் நீளமான ஒரு தாள், ஓரத்தில் குங்குமத்தோடு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பாலிசி முடியப் போகிறது, பணம் கட்டுங்கள் என்று கம்பெனி மே மாதம் அனுப்பிய நோட்டீஸ். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதே கம்பெனி முத்திரை, அதே நீலக் கோடு.

"ரசீதுதானே? தபால்ல வந்துச்சு. யாரும் நேர்ல கொண்டுவரலை, சரி, அவங்கவங்களுக்கு வேலைன்னு நானே வெச்சுட்டேன். சுண்டல் செஞ்சு பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன்" என்றாள்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. இது ரசீது இல்லை, கட்டச் சொல்லி வந்தது என்று நான் சொன்னேன். அம்மா அண்ணன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப இன்னைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"இன்னைக்கு அட்டை செல்லாதும்மா. செவ்வாய்க்கிழமைக்குள்ள கட்டுனா திரும்ப உயிர் வரும்."

"கட்டலைன்னா?"

அம்மா எழுந்து கொல்லைப்புற வாசலில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ஐந்து மாவும் தெரியும். உழவு கூடப் போடாமல் வெடித்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை, தம்பி அம்மாவுக்குப் போன் செய்கிற நேரம். அண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இருவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் கட்டிவிடுகிறேன், நீ கட்ட வேண்டாம், ஆனால் இது உன் முறைதான், பிறகு பேசிக்கொள்வோம் என்று இரண்டு பக்கமும் ஒரே சொற்கள். விட்டுக்கொடுப்பதிலும் யாருடைய முறை என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன்.

"இந்த வருஷம் என் முறை."

தம்பி போனில், "உனக்கு ஏதுக்கா முறை?" என்றான். கிண்டலாகத்தான் கேட்டான்.

"பாயோட லாத்தாவுக்கு இருந்துச்சு."

"அவங்க கடைக்கு. இது அம்மாவுக்கு" என்றார் அண்ணன்.

"எனக்கும் அவங்கதான் அம்மா."

அண்ணனைவிட அம்மாதான் அதிகமாக மறுத்தாள். எனக்கு அது எதிர்பாராதது. இரண்டு ஆண் பிள்ளைகள் இருக்கும்போது பெண் காசில் வைத்தியம் பார்த்தாள் என்று ஊர் பேசும் என்றாள். என் வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்றாள். அவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன், சுண்டல் தனக்கும் வருமா என்று மட்டும் கேட்டார் என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"அதோட இது ஆடி. ஆடியில புதுசா ஒண்ணு ஆரம்பிக்கக் கூடாது. செய்யறதுன்னா பதினெட்டாம் பெருக்கு அன்னைக்குச் செய்."

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3. கெடு ஜூலை 24. அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை, இப்போதுதான் சொல்லியிருந்தேன். ஆனாலும் எந்தப் பேச்சிலும் கடைசியில் நாள்தான் அவள் பிடித்துக்கொள்கிற கிளை. தேதிப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் பார்த்தேன்.

"புதுசு இல்லம்மா," என்றேன். "பழைய முறை. எப்பவோ வந்திருக்க வேண்டியது, இப்ப வருது."

அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். வயதால் இந்த வருஷம் ஒரு படி ஏறியிருக்கிற தொகையையும் சொன்னேன்.

"இதுக்கு மேலயும் படி இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"எண்பதத் தாண்டினதும் ஒண்ணு."

"அதுக்கு என்ன வழி?"

பாய் சொல்லியிருந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை நாமே கட்டுகிறோம் என்று இப்போதே ஒப்புக்கொண்டால் பிரீமியம் கணிசமாகக் குறையும். அம்மா இதைக் குத்தகையைப் போலப் புரிந்துகொண்டாள். ஒரு பங்கு நமக்கு, நாலு பங்கு அவர்களுக்கு. "ஒரு பங்குக்கு நிலம் போகாதுல்ல?" என்றாள். போகாது என்றார் அண்ணன். அந்த ஐந்து மாவுக்காக அவர் அம்மாவுக்கு வாய்விட்டுச் சொன்ன முதல் பதில் அது.

"சரி, பொண்ணு முறைன்னே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "ஆனா ரசீதை நேர்ல கொண்டு வரணும். தபால்ல அனுப்புற வேலை வெச்சுக்காத."

திங்கட்கிழமை பாயின் கடையில் பணத்தைக் கட்டினேன். கட்டுகிறவர் பெயர் கேட்கிற இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு, என் பெயரை அடித்தார். உறவு என்ற இடத்தில் மகள். செவ்வாய்க்கிழமை பாயையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா கடலையை முதல் நாளே ஊறப் போட்டிருந்தாள். பழைய நோட்டீசை எடுத்துவிட்டு ரசீதை வைத்தாள், இந்த முறை முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, கட்டியாச்சு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்ன பிறகுதான் குங்குமம் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பரிவட்டமும் கட்டணுமா உனக்கு?" என்றாள். வேண்டாம், சுண்டலில் கொஞ்சம் தேங்காய் கூடப் போடு என்றேன்.

கல்லணை திறந்து தண்ணீர் எங்கள் ஊருக்கு வருவதற்கு அதற்குப் பிறகும் சில நாட்கள் ஆயின.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2019 ஆனி நெருங்கியது. மே மாதமே அண்ணன் போன் செய்து, ஒற்றைப்படை வருஷம், என் முறை என்றார். அன்று சாயங்காலமே தம்பியிடமிருந்து செய்தி. அக்கா கட்டியது அண்ணனுடைய 2017க்குச் சரியாகிவிட்டது, அதனால் 2018 தன்னுடையது இன்னும் நிற்கிறது, காத்திருந்த முறை முதலில் என்றான். ஒரு வருஷத்துக்கு முன் முறை காத்திருக்காது என்றவர் அண்ணன், காத்திருக்கும் என்றவன் தம்பி. இப்போதும் இருவரும் அவரவர் விதியிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. அதே விதிகளை வைத்துக்கொண்டு முறையைத் தள்ளிவிடவும் முடிகிறது, இழுத்துக்கொள்ளவும் முடிகிறது என்பதை ஆச்சரியத்தோடு குறித்துக்கொண்டேன். நான் கட்டிவிட்டேன் என்பது இருவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

அந்த வருஷத்திலிருந்து தொகையை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம், அதனால் மேல் படி கீழ்ப் படி என்ற பேச்சு இல்லை. ரசீதைக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் முறையாக நடக்கிறது. பிறந்த வரிசைப்படி என்றால் நான் நடுவில் வர வேண்டும். சேர்ந்த வரிசைப்படி என்றால் கடைசி. மணியக்காரரிடம் கேட்டேன், பாயிடமும் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மாவிடம் கேட்டதற்கு, யார் முதலில் பஸ் ஏறி வருகிறார்களோ அவர்கள் முறை என்றாள். 2019இல் நானும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் போனோம். அண்ணன் முன் வாசலில் ஏறினார், நான் பின் வாசலில்.